பேராசிரியர் மேஜை எத்தனை அடி தூரம்?

முதுகலை முதலாண்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய வாய்ஸ் ரெக்கார்டரில் நான் முதன்முதலாகப் பதிவுசெய்த வகுப்பு ஐம்பது நிமிடம். அன்றிரவு விடுதியில் இயர்போன் மாட்டிக் கேட்டேன். தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி கேட்டது. பக்கத்தில் இருந்தவன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிய சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே போன லாரியின் ஹாரன், என் சொந்தத் தொண்டைக் கமறல் எல்லாம் துல்லியமாக இருந்தன. ஆசிரியரும் பேசத்தான் செய்தார், கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுகிறவர் மாதிரி. வகுப்பில் இருந்தபோது ஒரு சொல்கூட விடாமல் காதில் விழுந்த பாடம், பதிவில் ஐந்து சொல்லுக்கு இரண்டு சொல் தேறியது.

மட்டமான கருவியை வாங்கிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுவாரம் அதே கருவியை முதல் பெஞ்சில் வைத்தேன். பரவாயில்லை. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் தைரியம் வந்து, "சார், இதை உங்க மேஜை மேல வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். அன்றைய பதிவில் அவர் பக்கம் புரட்டும் ஓசைகூடத் தெளிவாக இருந்தது. கருவி அதே கருவிதான்.

"அண்ணே, வாய்ஸ் ரெக்கார்டர் வாங்கணும், எந்த மாடல் நல்லது?" என்று ஜூனியர்கள் கேட்கும்போது நான் மாடல் பெயர் சொல்வதில்லை. உன் பெஞ்சுக்கும் பேராசிரியர் மேஜைக்கும் எத்தனை அடி என்று கேட்கிறேன்.

காதுக்குக் கேட்டது மைக்குக்கு ஏன் கேட்கவில்லை

நமக்கு இரண்டு காது. அவற்றுக்குப் பின்னால் மூளை உட்கார்ந்து வேலை செய்துகொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் ஒரு பக்கம், பந்தி இரைச்சல் ஒரு பக்கம் என்று இருந்தாலும் எதிரே நிற்கும் சித்தப்பா சொல்வது நமக்குப் புரிகிறது. வேண்டிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடும் வித்தை அது. மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. தன்மேல் வந்து விழும் எல்லா ஒலியையும் பாரபட்சம் இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது பெரிதாக விழும், தூரத்தில் இருப்பது சிறிதாக விழும்.

எவ்வளவு சிறிதாக என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தடையில்லாத வெளியில், ஒலி வரும் இடத்திலிருந்து நீங்கள் நிற்கும் தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். ஆசிரியர் வாயிலிருந்து 3 அடியில் அவர் குரல் 65 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 6 அடியில் 59, 12 அடியில் 53, 24 அடியில் 47. இப்போது உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும் வகுப்பின் பொதுவான சலசலப்பும் சேர்ந்து 50 டெசிபெல் என்றால், கடைசி பெஞ்சில் மின்விசிறி ஆசிரியரை முந்திவிட்டது. ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியைக் கொண்டுவந்து அங்கே வைத்தாலும் மின்விசிறியை ஐம்பதாயிரம் ரூபாய்த் தரத்தில் பதிவுசெய்து கொடுக்கும்.

மூடிய அறையில் குரல் இந்த வேகத்தில் தேயாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அந்த உதவியே உபத்திரவமும் ஆகிவிடுகிறது. நம் வகுப்பறைகளில் சிமெண்டுத் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. ஒலியை உறிஞ்ச அங்கே எதுவுமே கிடையாது. ஒரு சொல் நேராக வந்து சேர்ந்த பிறகு, அதே சொல் நான்கு சுவரிலும் முட்டி, கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக வந்து அடுத்த சொல்லின்மேல் ஏறி விழும். கிணற்றுக் குரல் என்று நான் சொன்னது இதைத்தான். மின்விசிறி இரைச்சலைப் பிற்பாடு கணினியில் ஓரளவு குறைக்கலாம். எதிரொலி சொல்லோடு பின்னிக் கிடப்பதால் அவ்வளவு எளிதில் பிரியாது. அது வராமல் பார்த்துக்கொள்ள ஒரே வழி கிட்டே போவதுதான்.

ஃபோன் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். கையில் இருக்கும் ஃபோனின் மைக் ஒன்றும் மோசமில்லை. மாதத்துக்கு இரண்டு வகுப்பைப் பதிவுசெய்கிறவர் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டியதில்லை. ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஃபோனிலேயே பதிவு செய்யலாம். அந்த மோடு கட்டாயம். நடுவில் அழைப்பு வந்தால் சில ஃபோன்களில் பதிவு அங்கேயே நின்றுபோகும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தனிக் கருவியின் பெருமையாகப் பலர் ஒலித்தரத்தைச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதன் பெரிய பலம், நம்மைவிட்டுப் பிரிந்திருக்க அதனால் முடியும் என்பது. ஃபோனை ஆசிரியர் மேஜையில் ஒரு மணி நேரம் விட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. ஆசிரியருக்கும் மேஜைமேல் ஒரு ஃபோன் மினுக்கிக்கொண்டிருப்பது பிடிக்காது. பல கல்லூரிகளில் வகுப்புக்குள் ஃபோனே ஆகாது. தீப்பெட்டியைவிட நீளமான ஒரு கறுப்புக் கருவி மேஜை ஓரத்தில் கிடப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இன்னொரு காரணத்தை என் அறைத்தோழனிடம் கற்றுக்கொண்டேன். அவனுக்குப் பார்வை கிடையாது. ஃபோனில் பதிவுச் செயலியைத் திறந்து, திரையில் சரியான இடத்தைத் தொட்டு, பதிவு தொடங்கியதா என்று உறுதிசெய்வதற்குள் ஆசிரியர் பாடத்துக்குள் போய்விடுவார். ரெக்கார்டரில் விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரல் அதன்மேல் இருக்கும். கருவி வாங்கப் போனபோது அவன் திரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்த்து, எது மேடு எது பள்ளம் என்று மனசில் ஏற்றிக்கொண்டு, இரண்டு கருவியைத் தள்ளிவைத்தான். கண் தெரிந்தவர்களும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வாங்கும்போது

சந்தையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, குறிப்பெடுப்பதற்கென்றே செய்தவை. சோனியின் ஐசிடி-பிஎக்ஸ்470, ஒலிம்பஸின் டபிள்யூஎஸ் வரிசை (இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது) போன்றவை. சட்டைப் பையில் அடங்கும், எம்பி3 கோப்பாகப் பதியும், பேட்டரி நாள்கணக்கில் நிற்கும். இன்னொன்று, இசையும் களப்பதிவும் செய்கிறவர்களுக்கானவை. ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் போன்றவை. மைக் உயர்தரம், உள்ளுக்குள் வரும் 'உஸ்' இரைச்சல் குறைவு, ஆனால் பேட்டரியை வேகமாகத் தின்னும். வகுப்புக்கு முதல் ஜாதியே போதும். நாட்டார் பாடல், வாய்மொழி வரலாறு என்று ஊர் ஊராய்ப் போய்ப் பதிவுசெய்யும் ஆய்வு மாணவர் என்றால் இரண்டாவதுக்குக் காசு செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

நினைவகத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) தரத்தில் எம்பி3 பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்பி. 4 ஜிபி கருவியில் சுமார் 60 மணி நேரம் கொள்ளும். தினம் ஐந்து வகுப்பு என்றாலும் பன்னிரண்டு நாள். அதே வகுப்பைக் குறுந்தகட்டுத் தரத்தில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாகப் பதிந்தால் மணிக்கு 635 எம்பி, ஆறு மணி நேரத்தில் இடம் காலி. பேச்சுக்கு அந்தத் தரம் தேவையே இல்லை. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரை, அதாவது மனிதக் காதின் எல்லை வரை பிடிப்பதற்காக. பேச்சில் நமக்குப் பயன்படுவது அநேகமாக 8,000 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது.

அதற்காக இன்னும் கீழே இறங்கிவிடவும் கூடாது. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் அதற்கு மேலே இருப்பதால் அறுபட்டுப் போகும். "எஸ் ஃபார் சேலம்" என்று ஃபோனில் கத்தும் பழக்கம் அதனால் வந்ததுதான். ரெக்கார்டர்களில் 'எல்பி', 'லாங் ப்ளே' என்று ஒரு மோடு இருக்கும், நூற்றுக்கணக்கான மணி நேரம் பதியலாம் என்று ஆசை காட்டும். அதில் பதிந்த வேதியியல் வகுப்பில் 'சல்ஃபைட்' சொன்னாரா 'சல்ஃபைடு' சொன்னாரா என்று உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 128இல் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழமைவாதம் உண்டு. டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டும் கருவிகளே எனக்குப் பிடிக்கும். வகுப்பு நடுவில் தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்கும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போட்டால், கருவியின் மெனுவில் பேட்டரி வகையையும் மாற்றிவிட வேண்டும். சாதா பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட். மாற்றாவிட்டால் இருப்பு காட்டும் குறி நம்மை ஏமாற்றும்.

பெயர் தெரியாத கம்பெனிகளின் பேனா வடிவ ரெக்கார்டர், சாவிக்கொத்து ரெக்கார்டர் எல்லாம் இணையக் கடைகளில் வரிசைகட்டி நிற்கின்றன. ஒளித்துப் பதிவுசெய்வதற்கென்று விற்கப்படுபவை அவை. திரை கிடையாது, பதிவு ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க வழி கிடையாது. பெட்டியில் போட்டிருக்கும் ஜிபி கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. மெமரி கார்டு என்கிற நினைவக அட்டையைத் தனியாக வாங்கினாலும் மலிவு விலையில் போலி உலவுகிறது. 64 ஜிபி என்று அச்சடித்திருக்கும், எட்டு ஜிபி தாண்டியதும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் கணினியில் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

வெளிமைக் செருகும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆசிரியர் சம்மதித்தால் சட்டைக் காலரில் குத்தும் மைக்கைவிடச் சிறந்தது எதுவுமில்லை, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்தான் தூரம். ஃபோனுக்கு வாங்கிய காலர் மைக்கை ரெக்கார்டரில் செருகினால் பல சமயம் ஒன்றும் பதியாது. பிளக்கில் இருக்கும் வளையக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு கோடு என்றால் ரெக்கார்டருக்கு, மூன்று கோடு என்றால் ஃபோனுக்கு.

மெனுவுக்குள் இருக்கும் கண்ணிகள்

பதிவு வீணாவதற்குப் பாதிக் காரணம் தூரம் என்றால், மீதிக்குக் காரணம் வாங்கிய அன்றே நாம் தொட்டுப் பார்க்காமல் விட்ட மெனு.

'விஓஆர்' என்று ஒன்று இருக்கும். குரல் வந்தால் பதியும், மௌனம் என்றால் தானே நின்றுகொள்ளும். இடத்தை மிச்சப்படுத்தும் யோசனை. நடைமுறையில், ஆசிரியர் ஒரு கணம் நிறுத்தி மெதுவாகத் தொடங்கும் வாக்கியத்தின் தலையை வெட்டிவிடும். முக்கியமானதைச் சொல்லும்போதுதான் நல்ல ஆசிரியர்கள் அப்படி நிறுத்துவார்கள். போதாக்குறைக்கு, பதிவின் நேரமும் கடிகார நேரமும் ஒத்துப்போகாது. அணைத்துவிடுங்கள்.

'லோ கட்' என்பதை இயக்கிவிடுங்கள். கட்டடம் அதிர்வது, மின்விசிறி மோட்டார் முனகுவது, தூரத்து ஜெனரேட்டர் போன்ற கனத்த ஒலிகளை அது வடிகட்டும். ஆண் குரலின் அடித்தளமே 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் தொடங்குகிறது, பெண் குரல் அதற்கும் மேலே. அதனால் பேச்சுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் மின்விசிறிக்காற்று நேராக மைக்கில் மோதும் 'புஸ் புஸ்' சத்தத்துக்கு இது முழு மருந்தாகாது. கருவியை விசிறிக்கு நேர்கீழே வைக்காமல் தள்ளி வையுங்கள். மைக்குக்கான பஞ்சுத் தொப்பி இருந்தால் மாட்டுங்கள்.

ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை ஆரம்பத்தில் அப்படியே விட்டுவிடலாம். வகுப்புக்கு அது போதும். அதன் குணத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே ஐந்து நொடி பேசாவிட்டால், என்னமோ குரல் தாழ்ந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் தூக்கிவிடும், மின்விசிறி ஹெலிகாப்டர் ஆகும். யாராவது பக்கத்தில் தும்மினால் பயந்துபோய்க் கீழே இறக்கும், அடுத்த சில சொல் அமுங்கிப்போகும். பழகிய பிறகு கையாலேயே அளவு வைக்கலாம். ஆசிரியர் உரக்கப் பேசும்போது திரையில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் (அதில் சுழியம்தான் உச்சம்) மைனஸ் 12 டெசிபெல் பக்கம் வந்து போனால் சரி. சுழியத்தைத் தொட்டால் அந்த இடத்தில் ஒலி கிழிந்துவிடும், கிழிந்தது கிழிந்ததுதான். சன்னமாகப் பதிந்ததைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கருவியை வெறும் மேஜைமேல் வைக்காதீர்கள். மேஜையில் யார் தட்டினாலும், சாக்பீஸ் டப்பாவை வைத்தாலும், அந்த அதிர்வு மரம் வழியாக நேராக மைக்குக்குள் இடியாக இறங்கும். ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து அதன்மேல் வையுங்கள். பத்து ரூபாய் செலவில்லாத இந்த வேலை செய்கிற நன்மையைப் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசமுள்ள மாடல்கள் செய்வதில்லை.

சில கருவிகளில் பதிவுப் பொத்தானை முதல்முறை அழுத்தினால் தயார் நிலைக்குத்தான் போகும், சிவப்பு விளக்கு மினுக்கும். மறுபடி அழுத்தினால்தான் பதிவு தொடங்கும், விளக்கு நிலைத்து எரியும். மினுக்கினால் ஓடுகிறது என்று நம்பி, வெளியூரிலிருந்து வந்திருந்த கல்வெட்டு அறிஞர் ஒருவரின் இரண்டு மணி நேர உரையை நான் கோட்டைவிட்டிருக்கிறேன். விளக்கைப் பார்த்து ஏமாறாமல், திரையில் நொடி எண் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், பொத்தான்களைப் பூட்டிவைக்கும் 'ஹோல்ட்' சுவிட்சைப் போட்டுவிட்டு விலகுங்கள். பதிவு ஓடும்போது பேட்டரியையோ அட்டையையோ கழற்றினால் அந்தக் கோப்பே போய்விடலாம்.

மைக்செட் இருக்கும் இடத்தில்

அரங்கத்தில் நடக்கும் சொற்பொழிவு என்றால் கணக்கு தலைகீழ். பேச்சாளர் மேடையில் இருந்தாலும் அவர் குரல் வருவது பாக்ஸ் ஸ்பீக்கரிலிருந்து. ஆகவே ஸ்பீக்கருக்குக் கிட்டே, ஆனால் மூக்கோடு மூக்காக இல்லாமல், ஏழெட்டு அடி தள்ளி நாற்காலி பிடியுங்கள். இன்னும் நல்ல வழி, சவுண்ட் சர்வீஸ் அண்ணனோடு டீ சாப்பிட்டுப் பழகி, மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு ஒயர் வாங்குவது. அப்போது ரெக்கார்டரில் 'லைன் இன்' என்று மாற்ற வேண்டும். மிக்ஸர் அனுப்பும் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பல மடங்கு வலியது, மைக் துளையில் அப்படியே செருகினால் கரகரப்புதான் மிஞ்சும். ஒயரில் வரும் பதிவில் கைதட்டலும் சபையின் சிரிப்பும் இருக்காது. பட்டிமன்றத்தை அப்படிப் பதிந்து கேட்டால் நடுவர் ஆளில்லாத அறையில் ஜோக் சொல்கிற மாதிரி இருக்கும்.

கேட்டுவிட்டுப் பதியுங்கள்

இது மரியாதை சம்பந்தப்பட்டது, சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞர் யார் என்று ஒரு பட்டியல் தருகிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி என்று போகும் அந்த வரிசையில் சொற்பொழிவு ஆற்றுபவரும் இருக்கிறார். பாம்பாட்டிக்குப் பக்கத்தில் பேராசிரியரை உட்கார வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஆக, உரைமீது அதை நிகழ்த்தியவருக்கு உரிமை உண்டு. பதிவுசெய்கிறவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதை அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெலிகிராம் குழுவில் போடுவதும் யூடியூபில் ஏற்றுவதும் அதற்குள் வராது. வகுப்பில் கேள்வி கேட்கும் சக மாணவர் குரலும் பதிவில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. சிலர், "இந்த இடத்துல ஆஃப் பண்ணுப்பா" என்பார்கள். பண்ணிவிடுங்கள்.

பதிவுக்குப் பிறகு

பதிவு ஓடுகிறதே என்று நோட்டை மூடிவைப்பதுதான் புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. ஐந்து மணி நேர வகுப்பைத் திரும்பக் கேட்க ஐந்து மணி நேரம் வேண்டும், அந்த நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. எப்போதும்போலக் குறிப்பெடுங்கள். புரியாத இடம் வந்தால் நோட்டின் ஓரத்தில் நேரத்தை மட்டும் எழுதுங்கள். ரெக்கார்டர் ஆசிரியர் மேஜையில் இருப்பதால் அதன் திரை உங்களுக்குத் தெரியாது. கைக்கடிகாரம் போதும். 10:05க்குப் பதிவு தொடங்கி, ஓரத்தில் 10:29 என்று எழுதியிருந்தால் கோப்பில் 24ஆவது நிமிடம். இரவில் அந்த மூன்று நான்கு இடங்களை மட்டும் கேட்டால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முழுசாகக் கேட்டே தீர வேண்டுமென்றால் 1.25 அல்லது 1.5 மடங்கு வேகத்தில் வையுங்கள். கருவியிலேயே அந்த வசதி இருக்கும், கணினியில் விஎல்சி ப்ளேயர் செய்யும்.

கருவியில் தேதி, நேரம் சரியாக இருந்தால் கோப்புப் பெயரே தேதியாக வரும். பேட்டரி இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விடும், மறுபடி சரிசெய்ய மறந்தால் எல்லா வகுப்பும் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1இல் நடந்ததாக நிற்கும். வாரம் ஒருமுறை கணினிக்கு மாற்றும்போது பாடத்தின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். '2024-08-12 சோழர் நிலவரி' என்று இருந்தால் தேர்வுக்கு முந்தைய இரவு கண்டுபிடிக்கலாம். இரைச்சல் அதிகமான பதிவை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கொஞ்சம் துடைத்தெடுக்கலாம். முதலில் யாரும் பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்து இரைச்சல் எது என்று அதற்குக் காட்ட வேண்டும். அதனால் பதிவைத் தொடங்கியதும் சில நொடி மௌனம் கிடைத்தால் நல்லது.

பேச்சை எழுத்தாக்கித் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. 2022இல் ஓபன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் தமிழையும் எழுதும், கட்டணமில்லை. தனித்தமிழில் நிதானமாகப் பேசினால் நன்றாகவே வருகிறது. நம் வகுப்பறைத் தமிழ் அப்படி இல்லையே. "இந்த பீரியட்ல லேண்ட் ரெவின்யூ சிஸ்டம் எப்டி ஒர்க் ஆச்சுன்னா" என்று ஆசிரியர் பேசும்போது அது தடுமாறும், ஊர்ப்பெயர்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், மௌனமான இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானே எழுதிவைக்கும். மேஜையில் வைத்த பதிவைக் கொடுத்தபோது எனக்கு ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுத் திருத்தம் வந்தது. பழைய கடைசி பெஞ்சுப் பதிவை ஒரு ஆசைக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஐம்பது நிமிடத்துக்கு, "நன்றி, வணக்கம்" என்று பதினோரு முறை எழுதித் தந்தது.